மருத்துவமனைக்குள் ஒரு மென்பொருள் குழு: அரசு மருத்துவத் துறையின் சொந்தக் கணினி அணிகள் பற்றிய எளிய அறிமுகம்

அரசு மருத்துவமனை ஒன்றின் வார்டில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர், நோயாளியின் மருந்துப் பட்டியலைக் கணினித் திரையில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நோயாளிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை திரையின் அடியில், பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில் இருக்கிறது. அது நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் இருந்தால் நல்லது என்று செவிலியருக்குத் தோன்றுகிறது. இந்தச் சிறிய மாற்றத்தை அவர் யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால், எத்தனை நாளில் அது நடக்கும்?

மென்பொருளை வெளி நிறுவனத்திடம் வாங்கியிருக்கும் மருத்துவமனையில் பொதுவாக நடப்பது இது: செவிலியர் மேற்பார்வையாளரிடம் சொல்வார், அவர் மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதுவார், நிர்வாகம் துறைத் தலைமையகத்துக்கு எழுதும், தலைமையகம் ஒப்பந்தத்தை எடுத்து, இந்த மாற்றம் ஒப்பந்தத்துக்குள் அடங்குமா, கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டுமா என்று பார்க்கும், நிறுவனம் அதற்கொரு விலை சொல்லும், அந்த விலைக்கு ஒப்புதல் வாங்க மீண்டும் ஒரு கோப்பு நகரும். இதில் யார் மீதும் குற்றம் இல்லை. எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அந்த எச்சரிக்கை மாதக் கணக்கில் திரையின் அடியிலேயே கிடக்கும்.

இதே செவிலியர், மென்பொருளை எழுதுபவர்கள் அதே துறையின் ஊழியர்களாக, முடிந்தால் அதே வளாகத்தில் இருக்கும் ஓரிடத்தில் வேலை பார்த்தால், மறுநாள் காலை அவர்களிடம் நேரில் காட்டி விளக்க முடியும். அவர்கள் அதே திரையை மற்ற வார்டுகளிலும் பார்த்து, மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு, ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். அரசு மருத்துவத் துறையின் சொந்த டிஜிட்டல் புத்தாக்கக் குழு என்று இன்று பல நாடுகளில் சொல்லப்படுவதன் சாரம் இந்தத் தூரக் குறைவுதான். மென்பொருளால் அவதிப்படுபவருக்கும் அதைத் திருத்தும் அதிகாரம் உள்ளவருக்கும் இடையே எத்தனை கைகள் இருக்கின்றன என்பதே இங்கு எண்ண வேண்டியது.

இதை மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் கணினிப் பிரிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பிரிவு கணினிகளை நிறுவும், பழுதான பிரிண்டரைச் சரிசெய்யும், இணைய இணைப்பைப் பராமரிக்கும், கடவுச்சொல் மறந்தவருக்குப் புதியது கொடுக்கும். அது இன்றியமையாத வேலை என்றாலும் வேறு வேலை. இங்கே நாம் பேசும் குழு, சிகிச்சை நடக்கும் முறையை அருகிலிருந்து பார்த்து, அதற்கேற்ற மென்பொருளைத் தானே வடிவமைத்து, எழுதி, பயன்பாட்டுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகும் விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும் குழு.

இந்தக் கடைசிச் சொற்றொடர்தான் புதிதாகப் படிப்பவர் மனத்தில் நிறுத்த வேண்டியது என்பேன். கட்டிலையோ எக்ஸ்ரே கருவியையோ டெண்டர் விட்டு வாங்கலாம்; என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவிட முடியும், வந்து சேர்ந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட முடியும். மருத்துவமனை மென்பொருளுக்கு அப்படி ஒரு கடைசி நாள் கிடையாது. சிகிச்சை நெறிமுறை மாறும், புதிய மருந்து வரும், அரசு புதிய காப்பீட்டுத் திட்டத்தை அறிவிக்கும், ஒரு தொற்று நோய் வந்து வெளிநோயாளிப் பிரிவின் ஒழுங்கையே புரட்டிப் போடும். ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் மாறியாக வேண்டும். முடிவில்லாத வேலையை முடிவுத் தேதியுள்ள ஒப்பந்தத்துக்குள் அடைப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

கொல்லைப்புற வழியாக வந்த நிரலாளர்கள்

இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் உருவான விஸ்டா என்ற மென்பொருள். படைவீரர் நலத் துறை நடத்தும் இந்த அமைப்பில் இன்று சுமார் 170 மருத்துவ மையங்கள் உள்ளன. பதிவு செய்துகொண்ட பயனாளிகள் 90 லட்சம் பேருக்கும் மேல். தனியார் காப்பீட்டை நம்பி நடக்கும் மருத்துவத்துக்குப் பெயர்போன நாட்டில், முழுக்க அரசே மருத்துவமனை நடத்தி, அரசே மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்கும் அமைப்பு இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1977இல் அந்தத் துறையின் மருத்துவப் பிரிவில் ஜோசப் ஓ'நீல், மார்ட்டின் ஜான்சன் ஆகிய இருவர் ஒரு சிறிய கணினிக் குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த வழக்கத்துக்கு மாறான காரியம், நிரலாளர்களைத் தலைநகரில் ஓரிடத்தில் கூட்டி உட்கார வைக்காமல், வெவ்வேறு ஊர்களின் மருத்துவமனைகளிலேயே பணியமர்த்தியது. மருத்துவரோடும் மருந்தாளரோடும் ஆய்வக ஊழியரோடும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்பதை எழுதி, அன்றே ஓட்டிக் காட்டி, பிழையென்றால் அங்கேயே திருத்துவது அவர்கள் வேலைமுறை. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1960களில் மருத்துவத் தேவைக்காகவே உருவாக்கப்பட்ட மம்ப்ஸ் என்ற கணினி மொழியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் வேலை பார்த்த ஜார்ஜ் டிம்சன், ஃபைல்மேன் என்ற தரவுக் கருவியை எழுதினார். திரையில் கேட்கப்படும் எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஒரு புதிய பதிவேட்டை உருவாக்கிக்கொள்ள அது வழிசெய்தது. ஆய்வகத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, உள்நோயாளிச் சேர்க்கைக்கு ஒன்று எனத் தனித்தனிப் பகுதிகள் வெவ்வேறு ஊர்களில் பிறந்தன. ஆனால் அடித்தளமாக இருந்த தரவு அமைப்பு ஒன்றே என்பதால் ஓர் ஊரில் எழுதியதை இன்னோர் ஊர் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது.

துறையின் மையக் கணினி அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. கணினி என்றால் தலைமையகத்தில் இருக்கும் பெரிய இயந்திரம், அதை இயக்குவது நாங்கள் என்பது அவர்களது நிலைப்பாடு. 1979இல் இந்தக் குழுவுக்கான ஆதரவு விலக்கப்பட்டது. சிலர் வேலையிழந்தார்கள், சிலர் பதவி இறக்கப்பட்டார்கள், சில மருத்துவமனைகளிலிருந்து கணினிகளே அகற்றப்பட்டன. இருந்தும் வேலை நிற்கவில்லை. மருத்துவமனைகளின் மருத்துவர்களும் நிர்வாகிகளும் தங்களுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஒன்றை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அந்த நிரலாளர்களுக்கு மறைவாக இடம் கொடுத்தார்கள். எழுதிய நிரல்கள் ஊர்விட்டு ஊர் கைமாறின.

1981 டிசம்பரில் துறையின் தலைமை மருத்துவ இயக்குநர் டொனால்ட் கஸ்டிஸ் வாஷிங்டன் மருத்துவமனைக்குச் சென்றபோது இந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருப்பதை நேரில் பார்த்தார். இங்கே ஒரு தலைமறைவு ரயில்பாதையே ஓடுகிறது போலிருக்கிறதே என்ற பொருளில் அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய 19ஆம் நூற்றாண்டின் இரகசிய வலையமைப்புக்கு அந்நாட்டில் அப்படிப் பெயர். நிரலாளர்கள் அந்தப் பெயரைப் பெருமையோடு தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். 1982 பிப்ரவரியில் அப்போதைய துறைத் தலைவர் ராபர்ட் நிம்மோ கையெழுத்திட்ட ஆணை இந்த முயற்சிக்கு முறையான ஒப்புதல் தந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளில் அது பரவிவிட்டது. 1990களில் அதற்கு விஸ்டா என்று பெயர் மாற்றினார்கள். மருத்துவர்கள் நோயாளியின் முழுப் பதிவையும் ஒரே திரையில் பார்த்து, மருந்தும் பரிசோதனையும் எழுதும் வசதி அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றை வீரக்கதையாகச் சொல்வது எளிது. அதிலிருந்து விதிமீறலே நல்லது என்று எடுத்துக்கொள்வது தவறு. ஒப்புதல் கிடைத்த பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆய்வகம், மருந்தகம், செவிலியம், கதிரியக்கம் என ஒவ்வொரு பிரிவுக்கும் அதில் வேலை செய்பவர்களைக் கொண்ட பயனாளர் குழுக்கள் அமைக்கப்பட்டு, அடுத்து எதை எழுதுவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதில் அவர்களுக்கு உண்மையான குரல் தரப்பட்டது. மருத்துவமனைகளில் கிளினிக்கல் அப்ளிகேஷன்ஸ் கோஆர்டினேட்டர் என்றொரு பணியிடமும் உருவானது. பெரும்பாலும் செவிலியராகவோ மருந்தாளராகவோ இருந்தவர்களே இந்தப் பொறுப்புக்கு வந்தார்கள். வார்டின் மொழியைக் கணினிக்காரருக்கும், கணினியின் எல்லையை வார்டுக்கும் எடுத்துச் சொல்வது அவர்கள் வேலை. ஒரு சொந்தக் குழுவைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் நிரலாளர்களைத் தேடுகிறார்கள். நானாக இருந்தால் இப்படிப்பட்ட ஒருவரைத்தான் முதலில் தேடுவேன்.

கைப்பட்டையில் ஒரு பார்கோடு

புத்தாக்கம் என்ற சொல் ஆராய்ச்சிக்கூடத்தையும் பெரிய பட்ஜெட்டையும் நினைவூட்டிவிடுகிறது. உண்மையில் அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு, கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரிலுள்ள படைவீரர் மருத்துவமனையின் செவிலியர் சூ கின்னிக் ஒரு சான்று. 1990களின் தொடக்கத்தில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், ஊழியர் கையடக்கக் கருவி ஒன்றால் காரின் பார்கோடைத் தொட்டுக் கணக்கை முடித்ததை அவர் பார்த்தார். காருக்குச் செய்யும் இதை மருந்து கொடுப்பதற்கு ஏன் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

அவரது மருத்துவமனையில் அதைக் கேட்கவும் எழுதிப் பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். நோயாளியின் கைப்பட்டையில் ஒரு பார்கோடு, மருந்து உறையில் ஒரு பார்கோடு. செவிலியர் இரண்டையும் தொட்டதும், மருத்துவர் எழுதிய மருந்து இதுதானா, அளவு சரியா, நேரம் சரியா, நோயாளி இவர்தானா என்று கணினி ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் எச்சரிக்கும். டொபீகாவில் பயன்பட்டதைப் பார்த்த தலைமையகம், 1999இல் தொடங்கி நாடெங்கும் உள்ள தன் மருத்துவமனைகளுக்கு அதைக் கொண்டுசென்றது. ஒரு மருத்துவமனையின் செவிலியருக்குத் தோன்றிய எண்ணம், பத்தாண்டுக்குள் ஒரு தேசிய அமைப்பின் அன்றாட நடைமுறையானது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். 2002இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மருத்துவமனைகளின் வார்டுகளில் பார்கோடு முறை உண்டாக்கிய எதிர்பாராத விளைவுகளைப் பதிவு செய்தது. குறிப்பிட்ட நேரம் கடந்த மருந்துகளைக் கணினி தானாகவே பட்டியலிலிருந்து நீக்கியது செவிலியர்களைக் குழப்பியது. முன்பு கட்டிலருகே தொங்கிய தாளைப் புரட்டிப் பார்த்த மருத்துவர்கள், இப்போது என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளச் சிரமப்பட்டார்கள். வேலை நெருக்கடி மிகுந்த நேரங்களில், ஸ்கேன் செய்வதில் குறுக்குவழிகளைக் கையாளும் பழக்கமும் தலைகாட்டியது. இவற்றில் எதையும் ஒப்பந்தம் எழுதும் நாளில் யாரும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. வார்டில் ஓடத் தொடங்கிய பிறகே தெரிய வரும் குறைகள் இவை. சொந்தக் குழுவின் தேவை முதல் பதிப்பைவிட இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது பதிப்புகளில்தான் அதிகம் உணரப்படுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. நகரின் பல மருத்துவமனைகளில் தாளில் இருந்த நோயாளிப் பதிவுகள் வெள்ளத்தில் ஊறிப் போயின. படைவீரர் மருத்துவமனையும் மூடப்பட்டது. ஆனால் வேறு மாநிலங்களுக்கு இடம்பெயர்ந்த அதன் நோயாளிகள் அங்குள்ள படைவீரர் மருத்துவமனைக்குப் போனபோது, அவர்களது மருந்து விவரமும் நோய் வரலாறும் மருத்துவரின் திரையில் கிடைத்தன. அடுத்த ஆண்டு விஸ்டாவுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளி அரசுப் புதுமைக்கான விருதை வழங்கியது. வரிப்பணத்தில் எழுதப்பட்ட நிரல் என்பதால் அது பொதுச் சொத்தாகவும் இருந்தது. ஜோர்டான் நாட்டின் அரசு மருத்துவமனைகளும், இந்தியாவில் டெல்லியைச் சேர்ந்த மாக்ஸ் மருத்துவமனைக் குழுமமும் அதை எடுத்துப் பயன்படுத்தின.

குழு இடம்பெயர்ந்தபோது

புகழின் உச்சத்தில் இருந்த அதே நேரத்தில் ஒரு மாற்றமும் நடந்தது. 2005க்குப் பிறகு, மருத்துவமனைகளில் பரவிக் கிடந்த கணினி ஊழியர்களும் அவர்களுக்கான நிதியும் துறையின் மையத் தகவல் தொழில்நுட்ப அலுவலகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. இதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. 2006 மே மாதம் ஊழியர் ஒருவரின் வீட்டிலிருந்து திருடுபோன கணினிச் சாதனங்களில் சுமார் 2 கோடியே 65 லட்சம் படைவீரர்களின் தனிப்பட்ட விவரங்கள் இருந்தது நாட்டையே அதிர வைத்தது. ஆளுக்கொரு விதமாக வேலை நடக்கும் இடத்தில் பாதுகாப்பை உறுதி செய்வது கடினம் என்ற வாதத்துக்கு அதன் பிறகு யாரும் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

மறுபக்கம், மருத்துவமனையின் நிரலாளர் இப்போது வேறொரு அலுவலகத்துக்குப் பதில் சொல்பவரானார். வார்டில் ஒருவர் கேட்டதும் எழுதிப் பார்க்கும் பழைய வழக்கம் மெல்ல மங்கியது. விஸ்டாவின் வளர்ச்சி தளர்ந்தது. அதே ஆட்கள், அதே மொழி, அதே மென்பொருள்தான். யாருக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரிடம் கணக்குச் சொல்கிறார்கள் என்ற இரண்டு மட்டும் மாறின. சொந்தக் குழு என்பது ஊழியர் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

விஸ்டாவின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஊரும் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டே போனதில், காலப்போக்கில் சற்றே வேறுபட்ட சுமார் 130 வடிவங்கள் உருவாயின. ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றிலும் சோதிக்க வேண்டிய நிலை. மம்ப்ஸ் மொழி அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போக, இளையவர்கள் அதைக் கற்க முன்வரவில்லை. பாதுகாப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்று வரும் படைவீரரின் மருத்துவப் பதிவுகள் படைவீரர் மருத்துவமனைக்குச் சீராக வந்து சேரவில்லை என்பது நீண்டகாலக் குறை.

இந்தக் காரணங்களை முன்வைத்து, பாதுகாப்புத் துறை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்த செர்னர் நிறுவனத்தின் மென்பொருளையே வாங்குவது என்று 2017இல் முடிவு செய்து, 2018 மே மாதம் சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகர மருத்துவமனையில் அது முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. 2022 ஜூலையில் துறையின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை ஒரு செய்தியைச் சொன்னது: மருத்துவர்கள் கணினியில் அனுப்பிய 11,000க்கும் மேற்பட்ட பரிசோதனை, பரிந்துரை ஆணைகள் போய்ச் சேர வேண்டிய இடத்தை அடையாமல், யாரும் பார்க்காத ஒரு வரிசையில் தேங்கிக் கிடந்தன, அதனால் குறைந்தது 149 நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது. அனுப்பிய மருத்துவருக்கு அது சேரவில்லை என்ற தகவலும் வரவில்லை. ஐந்து மருத்துவ மையங்களுக்குச் சென்ற நிலையில், 2023 ஏப்ரலில் புதிய இடங்களுக்கு விரிவாக்குவதை நிறுத்திவைத்தார்கள். மற்ற மருத்துவமனைகளில் விஸ்டாவே தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

வாங்குவதே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. சரியாகப் போய்ச் சேராத ஆணைகளை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துத் திருத்தும் கைகள் மருத்துவமனைக்குள் இருந்தனவா என்பதே நாம் கேட்க வேண்டியது.

பிரிட்டனில் இரு பக்கமும்

என்.எச்.எஸ். எனப்படும் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை இதே கேள்வியை வேறு வரிசையில் சந்தித்தது. 2002இல் அங்கு தொடங்கப்பட்ட தேசியத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தில், இங்கிலாந்தை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, பெரிய நிறுவனங்களுக்குப் பத்தாண்டு ஒப்பந்தங்கள் தரப்பட்டன; தொடக்க மதிப்பு மட்டும் சுமார் 620 கோடி பவுண்டு. வேலை செய்யும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் போதிய அளவு கேட்காமல் மேலிருந்து தீர்மானிக்கப்பட்ட திட்டம் என்ற குறை முதலிலிருந்தே எழுந்தது. ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்களில் 2006இல் அக்சென்சர் விலகியது. 2008இல் ஃபுஜித்சுவின் ஒப்பந்தம் முறிந்தது. 2011 செப்டம்பரில் திட்டத்தைக் கலைப்பதாக அரசே அறிவித்தது.

அதே திட்டத்தின் ஒரு பகுதி மட்டும் பிழைத்து வேறு வழியில் போனது. ஸ்பைன் எனப்படும் அது, நோயாளியின் அடையாள விவரங்களையும் மின்னணு மருந்துச் சீட்டுகளையும் நாடெங்கும் கடத்தும் முதுகெலும்பு. முன்பு பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த அதை, லீட்ஸ் நகரில் இயங்கிய அரசின் சொந்தக் குழு, யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு புதிதாக எழுதி, 2014 ஆகஸ்டில் பழையதன் இடத்தில் வைத்தது. மருந்துக்கடையில் சீட்டு எடுக்கும் நோயாளிக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாமல் போனதுதான் அதன் வெற்றி. இப்படிப்பட்ட வெற்றிகள் செய்தியாவதில்லை என்பதால் பலருக்கும் தெரிவதில்லை. அது எனக்கு வருத்தம் தருவது.

சொந்தக் குழுவாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. 2019இல் அமைக்கப்பட்ட என்.எச்.எஸ்.எக்ஸ் என்ற டிஜிட்டல் அமைப்பு, கோவிட் தொற்றுத் தொடர்பைக் கண்டறியும் செயலியின் முதல் வடிவத்தை 2020 மே மாதம் வைட் தீவில் சோதித்தது. கைப்பேசி நிறுவனங்கள் தந்த வழியை விடுத்துத் தானே வகுத்த முறையில் அது அமைந்திருந்தது. சோதனையில் அருகிலிருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 75 சதவீதத்தையும், ஐபோன்களில் 4 சதவீதத்தை மட்டுமே அதனால் உணர முடிந்தது. ஜூன் மாதம் அதைக் கைவிட்டு, ஆப்பிள், கூகுள் தந்த அடிப்படையில் மீண்டும் எழுதி, செப்டம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெளியிட்டார்கள். இந்த நிகழ்வில் தோல்வியைப் போலவே அதை ஒப்புக்கொண்ட வேகமும் கவனிக்கத்தக்கது. ஒரு சிறு தீவில் சோதித்ததால் தவறு அங்கேயே தெரிந்தது. தெரிந்ததும் சில வாரங்களில் பாதையை மாற்ற முடிந்தது.

குழுவில் யார், கையில் என்ன

இத்தகைய குழு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நிரல் எழுதுபவர்கள், திரையை வடிவமைப்பவர், தரவுப் பாதுகாப்பைக் கவனிப்பவர் ஆகியோரோடு, மருத்துவமனையில் நேரில் நின்று வேலை நடக்கும் விதத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பயனர் ஆய்வாளர் ஒருவரும், வாரத்தில் சில நாள்களாவது நோயாளி பார்க்கும் மருத்துவர் அல்லது செவிலியர் ஒருவரும் இருப்பது அவசியம். எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த ஒருவருக்குத் துறைச் செயலர் அளவில் ஆதரவு இருக்க வேண்டும். அது இல்லாத குழு, நல்ல நோக்கத்தோடு தொடங்கி, யாருடைய கோப்பிலும் இடம்பெறாமல் கரைந்துவிடும்.

எல்லாவற்றையும் தாமே எழுத வேண்டும் என்பதும் இல்லை. கணக்குப் பதிவு, சம்பளப் பட்டியல், சர்வர் வாடகை போன்றவை எங்கும் ஒரே மாதிரியானவை. அவற்றை வாங்குவதே சிக்கனம். சிகிச்சையின் ஓட்டத்தோடு பின்னிப் பிணைந்தவையும், நோயாளியின் தரவு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதும் துறையின் கையில் இருக்க வேண்டும். வெளி நிறுவனத்தை அமர்த்தும்போதுகூட, அவர்கள் எழுதித் தருவதைப் படித்து, சரியா தவறா என்று சொல்லக்கூடிய சிலராவது உள்ளே இருக்க வேண்டும். வீடு கட்டக் கொத்தனாரை அமர்த்துபவர் தானே செங்கல் அடுக்க வேண்டியதில்லை. ஆனால் அஸ்திவாரத்தின் ஆழத்தை அளந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது ஒரு பெருந்தோல்விக்குப் பிறகு. 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் அன்றே முடங்கியது. முதல் நாளில் அதன் வழியாகக் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் 6 பேர். சிறிய குழு ஒன்று வந்து அதை மீட்டெடுத்த அனுபவத்திலிருந்து, 2014 ஆகஸ்டில் அமெரிக்க டிஜிட்டல் சேவை என்ற அமைப்பு பிறந்தது. அதன் ஒரு குழு படைவீரர் நலத் துறைக்குள்ளேயே போய் அமர்ந்தது.

அங்கே அவர்கள் எடுத்துக்கொண்ட தொடக்க வேலைகளில் ஒன்று, மருத்துவ வசதிக்கு விண்ணப்பிக்கும் படிவம். படிவம் இணையத்தில் இருந்தது. ஆனால் குறிப்பிட்ட உலாவியும் குறிப்பிட்ட அடோபி மென்பொருளும் சேர்ந்திருந்த கணினியில் மட்டுமே திறந்தது. துறை அலுவலகங்களின் கணினிகளில் அந்த இரண்டும் இருந்ததால், அங்கிருந்தவர்களுக்கு அது எப்போதும் ஒழுங்காகத் திறந்தது. குழுவினர் ஒரு படைவீரரைச் சந்தித்து, அவர் தன் சொந்தக் கணினியில் அந்தப் படிவத்தைத் திறக்கப் பலமுறை முயன்று தோற்பதை, அவர் அனுமதியோடு படம்பிடித்தார்கள். அந்தக் காட்சியைத் துறையின் உயரதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தக் கைப்பேசியிலும் எந்த உலாவியிலும் திறக்கும் எளிய வலைப்பக்கமாக அந்தப் படிவம் 2016இல் மறுபடி வெளிவந்தபோது, படம்பிடிக்கப்பட்ட அந்தப் படைவீரரும் அதன் வழியாக விண்ணப்பித்தார். அவருக்கு மருத்துவ வசதி கிடைத்தது.